தாம்பாளத்தில் ஒரு கேபிள் பாக்ஸ்

ஜனவரி 5

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நேற்று மதுரை ஹோட்டலில் நடந்த கம்பெனிக் கூட்டத்தில், "இலக்கை எட்டாதவங்க லைனைப் பிடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவோம்"ன்னு பெரிய அதிகாரி இங்கிலீஷில் சொன்னபோது, முதல் ஆளாகக் கை தட்டியது நான்தான். மனுஷன் சிரித்த முகமாகச் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்? நான் தட்டவும் முன்வரிசை முழுக்கத் தட்டியது. பக்கத்தில் இருந்த இவர் என் கையைப் பிடித்து மடியில் வைத்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி. கம்பம் ஏறுவார், வாய் திறக்க மாட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. நானும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அருப்புக்கோட்டை பஸ் ஏறின பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

விஷயம் இதுதான். நீலவானம் டிஜிட்டல் கம்பெனியின் கேபிளை எங்கள் ஏரியாவில் நாங்கள் ஓட்டுகிறோம். நானூத்திப் பத்து வீடு. ஒரு வாடிக்கையாளர் மாசம் சராசரியாக நூத்தறுபது ரூபாய் கட்டுகிறார். மார்ச் முப்பத்தொண்ணுக்குள் அது இருநூறு ஆகணும். ஆகாவிட்டால் லைன் கைமாறும். பதினெட்டு வருஷமாக இழுத்த வயர். இது போனால் எனக்கு வாய் மட்டும்தான் மிச்சம். அதற்கு யார் மாசச் சந்தா கட்டுவார்?

இந்த டைரியும் கம்பெனி கொடுத்ததுதான். தினம் எழுதணுமாம். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளிடம் டைரி கொடுத்த அவர்கள் தைரியத்துக்காகவே எழுதுகிறேன்.

வசூலுக்கு எல்லா வீட்டுக்கும் நான்தான் போவேன். நாப்பத்தேழாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் இவர். அந்தத் தெரு நாய்க்கும் எனக்கும் ஆகாது.

ஜனவரி 8

மதுரை ஆபீஸிலிருந்து நிரஞ்சன் தம்பி வந்தது. இருபத்தேழு வயது, கழுத்தில் அடையாள அட்டை, வெயிலில் தக்காளிப்பழம் மாதிரி இருந்தது. மோர் கொடுத்தேன்.

"அக்கா, எல்லாரையும் மெகா பேக்குக்கு மாத்திருங்க. வேண்டாம்னு சொல்றவங்கள மட்டும் பழசுக்குத் திருப்பிக்கலாம்."

"கேக்காமயா தம்பி?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவாங்க. கேக்கலேன்னா பாதிப்பேர் கவனிக்கவே மாட்டாங்க. ஊர் ஊரா இப்படித்தான் ஏத்துறாங்க."

கம்ப்யூட்டரில் ஒரு பட்டன். இவர் வேண்டாம் என்கிற மாதிரி இருமினார். நான் அதை வெறும் இருமல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 9

மாத்தியாச்சு. சராசரி இருநூத்தி நாப்பத்தெட்டு. ஒரே நாளில் ஜெயித்தவள் நான். கேசரி கிண்டினேன்.

ஜனவரி 11

கேசரி தீரவில்லை, அதற்குள் முப்பது பாக்ஸ் திரும்பி வந்துவிட்டது. வெள்ளைத்தாய் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். பழகின தோஷத்துக்கு எறியவில்லை.

"ஏ குருவம்மா, என் வீட்ல இருக்கது மூணு பேரு, ஆறு கண்ணு. அதுல எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுல புரை. எரநூத்தம்பது சேனல எந்தக் கண்ணால பாக்கச் சொல்ற?"

"கோவிச்சுக்காத தாயி, பழசுக்கே மாத்திருதேன்."

"எங்கிட்டக் கேக்காம எம் பையில கைவிட்டவ நீ. இனிமே நான் போன்ல பாத்துக்கிடுதேன்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். எல்லாரையும் பழைய பேக்குக்குத் திருப்பினோம். வாடிக்கையாளர் முந்நூத்தி எண்பது. சராசரி பழைய நூத்தறுபது. இவர் இன்றும் இருமினார். இப்போது நிஜமாகவே சளி.

ஜனவரி 14

பொங்கல். தெருவில் எல்லா வீட்டுக்கும் அண்ணன் தம்பிமார் பொங்கப்படிச் சீர் கொண்டுவந்தார்கள். அரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, கரும்பு. நாங்கள் கரும்பு கடையில் வாங்கினோம். நல்ல கரும்பு.

ஜனவரி 20

கம்பெனி யோசனையை ஓரம் கட்டிவிட்டேன். இனி என் யோசனை.

வசூலுக்குப் போகிற வீட்டில் எல்லாம் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இவர் இதை நேர விரயம் என்பார். ஆனால் எந்த வீட்டில் யார், எத்தனை மணிக்கு, எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிற மாதிரி எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. மனுஷர் பார்ப்பது ரெண்டு மூணு சேனல். அந்த ரெண்டு மூணில் ஒன்று அவர்கள் பேக்கில் இருக்காது. அதற்காக ஏங்குவார்கள், கேட்கத் தெரியாது.

தறிக்காரர் கோவிந்தன் மேட்ச் பார்க்க டீக்கடைக்குப் போய் மாசம் முந்நூறு ரூபாய்க்கு டீ குடிக்கிறார். "விளையாட்டுச் சேனல் பத்தொன்பது ரூபாதாண்ணே, டீயும் வீட்லயே கிடைக்கும்"ன்னு சொன்னேன். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், "டீ கிடைக்காது, சேனல மட்டும் போடுங்க" என்றாள். போட்டேன்.

இன்று மட்டும் பதினோரு வீடு. ஒவ்வொருத்தரிடமும் கேட்டுத்தான் போட்டேன்.

பிப்ரவரி 3

இன்றைக்கு ரெண்டாவது பாக்ஸ் பிறந்த கதை.

ஜக்கம்மாள் வீட்டுக்கு ராத்திரிச் சீரியல் நேரத்தில் போனேன். மாமியார் ரிமோட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். மருமகள் சுகன்யா தோசைக்கல்லைக் காயவிட்டுக்கொண்டு, சொட்டு எண்ணெய் ஊற்றாமல் நின்றாள். இப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"எட்டு மணிக்கு எனக்கு ஒரு சீரியலு, இவங்களுக்கு ஒரு சீரியலு. ரெண்டும் ஒரே நேரத்துல. நீங்களே சொல்லுங்கக்கா."

"நான் எதுக்குச் சொல்லணும்? உன் சீதனத்துல வந்த டிவி பரண்ல தூங்குதுல்ல? இறக்கு. இன்னொரு பாக்ஸ் வச்சிருவோம். மாசம் நூறு ரூவா."

ஜக்கம்மாள் முறைத்தார். "நூறு ரூவாயா?"

"ஒரு நாளைக்கு மூணே கால் ரூவா அத்தை. அந்தக் காசுக்கு மருமக வாயை மூடணும்னா வேற எந்தக் கடையிலயும் நடக்காது."

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஏழு வருஷத்தில் அந்த வீட்டில் ஒற்றுமையாக நடந்த முதல் காரியம் அது. தோசையும் கிடைத்தது.

பிப்ரவரி 19

சராசரி நூத்தி எழுபத்தெட்டு. பரணில் தூங்கின டிவி ஊரில் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. இவருக்குப் பரண் ஏறி ஏறித் தும்மல்.

நாப்பத்தேழாம் நம்பருக்கு இவர் போய் வந்தார். அங்கேயும் ஒரு சேனல் கூடப் போட்டிருக்கிறார்கள். பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். சாப்பிடும்போது சொன்னார். நான் மறுநாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், சின்ன வெங்காயம், கண் எரிந்தது.

மார்ச் 4

நூத்தி எண்பத்தஞ்சில் சராசரி உட்கார்ந்துவிட்டது. பத்து நாளாக அசையவில்லை. பரண் காலி. சேனல் கேட்கிற வீடு தீர்ந்துவிட்டது.

நிரஞ்சன் தம்பி ஒரு தாளோடு வந்தது. அறுபது பேர். எல்லாரும் நூறு ரூபாய் பேக்.

"இந்த அறுபது பேரையும் வெட்டிருங்கக்கா. மிச்சம் முந்நூத்தி இருபது பேருக்குச் சராசரி போட்டா சரியா இருநூறு தாண்டிரும்."

"வருமானம் ஆறாயிரம் குறையுமே தம்பி?"

"மேல கேக்குறது சராசரியத்தான்."

தாளைப் பார்த்தேன். தனியாக இருக்கும் பொம்பளைகள், பென்ஷன்காரர்கள், மில்லை மூடின பிறகு வேலை இல்லாதவர்கள். ஒருத்தர்கூடப் பாக்கி வைக்காதவர்கள். கொஞ்சமாகக் கட்டுகிறார்கள், அது ஒன்றுதான் குற்றம்.

"உங்க வீட்ல அம்மா எவ்வளவு பேக் தம்பி?"

தம்பி மோர் டம்ளரைத் தூக்கிக் குடித்தது. பாவம், அதற்கும் மேலே ஒருத்தன் இருக்கிறான். போகும்போது, "எனக்கும் வேற வழி தெரியலக்கா" என்றது.

மார்ச் 5

ரசம். உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் அப்படியே குடித்தார்.

மார்ச் 7

தாளில் முதல் பெயர் மாரிக்கண்ணு அக்கா. அறுபத்தாறு வயது, பிள்ளை குட்டி இல்லை, புருஷன் போய்ப் பதினஞ்சு வருஷம். வெட்டப்போகிறோம் என்று நேரில் சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்ததும், "வா குருவு, உக்காரு, இப்ப அவன் மாட்டிக்கிடப் போறான்" என்று டிவிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார். சீரியல் வில்லன் மாட்டுகிற வரைக்கும் எப்படிச் சொல்வது? மாட்டின பிறகும் சொல்ல வரவில்லை.

மூலையில் ஒரு பனங்கருப்பட்டிச் சிப்பம் இருந்தது.

"என்னக்கா, இம்புட்டுக் கருப்பட்டி?"

"தம்பி பொங்கப்படி வச்சது. வருசம் தவறமாட்டான். எனக்கோ சக்கரை வியாதி. எறும்புக்குத்தான் பொங்கல்."

அக்காவின் தம்பி செண்பகராஜ். பஸ் ஸ்டாண்டு எதிரில் புரோட்டாக் கடை. எங்கள் லைன்தான், பெரிய பேக்.

வெளியே வந்ததும் நிரஞ்சன் தம்பிக்குப் போன் போட்டேன். "சராசரிய பாக்ஸுக்குப் பாக்ஸ் எண்ணுறீங்களா, பேருக்குப் பேர் எண்ணுறீங்களா?"

"பேருக்குத்தான்க்கா. ஒரு பேர்ல ரெண்டு பாக்ஸ் இருந்தா ரெண்டு காசையும் ஒரே பேர்ல சேத்துருவோம்."

"அந்த ரெண்டாவது பாக்ஸ் ரெண்டு தெரு தள்ளி இருக்கலாமா?"

போனில் ஏதோ விதிப்புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம். "காசு கட்டுறவர் கையெழுத்துப் போட்டா இருக்கலாம்க்கா. ஏன்?"

"சும்மா."

வீட்டுக்கு வந்து இவரைக் கணக்குப் போடச் சொன்னேன். அறுபது பேரை வெட்டினால் சராசரி இருநூறு. அந்த அறுபது பாக்ஸையும் கூடப் பிறந்தவன் பேரில் சேர்த்தால் ஒரு டிவிகூட அணையாது, ஒரு ரூபாய்கூடக் குறையாது, பேர் மட்டும் குறையும். சராசரி இருநூத்திப் பத்தொன்பது. முப்பது பேரைச் சேர்த்தாலே போதும், இருநூறு தாண்டிவிடும். இவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

மார்ச் 9

செண்பகராஜ் கடைக்குக் கூட்ட நேரமாகப் பார்த்துப் போனேன். கூட்டம் இல்லாத நேரத்தில் வெட்கம் வேலை செய்யாது.

"வாங்க மதினி. சாப்பாடா, பார்சலா?"

"வம்பு, கொழுந்தனாரே. உங்கக்கா வீட்டு லைன வெட்டச் சொல்லிக் கம்பெனி உத்தரவு."

கல்லில் ஓடிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "ஏன், காசு கட்டலையா?"

"கரெக்டாக் கட்டுறாங்க. நூறு ரூவாதான் கட்டுறாங்க. அது பத்தாதாம்."

"அக்காவுக்கு அந்த டிவிதான மதினி துணை?"

"அது எனக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது. அந்தப் பாக்ஸ உங்க பேருக்கு மாத்தி மாசம் நூறு ரூவா நீங்க கட்டுனா வெட்ட வேண்டியதில்ல. அக்காவுக்குத் தம்பி செய்யிற சீரா இருக்கட்டும்."

"சீருதான் வருசா வருசம் செய்யிறேனே. இந்தப் பொங்கலுக்குக்கூட ஒரு சிப்பம் கருப்பட்டி..."

"சக்கரை வியாதிக்காரிக்குக் கருப்பட்டி குடுத்த ஒரே தம்பி நீங்கதான்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தருக்குப் புரை ஏறியது. செண்பகராஜ் காது மடல் வரைக்கும் சிவந்துபோய், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

அதோடு விடவில்லை. சீர் என்றால் சீர் மாதிரி இருக்கணும். சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து பாக்ஸைக் கழற்றித் துடைத்து, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு வைத்து, செண்பகராஜ் கையில் கொடுத்தேன். அவர் தெருவே பார்க்க நடந்துபோய் அக்கா கையில் கொடுத்தார். அதே பாக்ஸ், அதே வயர், அதே டிவி. மாரிக்கண்ணு அக்கா புதுப் புடவை வந்த மாதிரி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ஜன்னல்களில் தலை தலையாகத் தெரிந்தது. ரெண்டு அக்காமார் அப்போதே தம்பிகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 13

பதினாலு தாம்பாளம். ஒருத்தர், "என் தங்கச்சிக்கு நூறு ரூவா பேக்கா? கேவலம். பெரிய பேக்காப் போடு" என்றார். அவர் தம்பி பக்கத்துத் தெரு அக்காவுக்குப் பெரிய பேக் செய்துவிட்டாராம்.

அண்ணன் தம்பி இல்லாத பதினேழு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அவர்கள் பேரிலேயே நூறு ரூபாயில் இருக்கட்டும். வெட்ட மாட்டேன்.

மார்ச் 16

இருபத்து மூணு. தெரு முனையில் வெள்ளைத்தாய் வழி மறித்தாள். மஞ்சப்பை வெள்ளைத்தாய்.

"ஊர்ல உள்ள அண்ணன் தம்பியெல்லாம் தாம்பாளத்தோட நிக்க வைக்கியே, உன் அண்ணன் எங்க குருவம்மா?"

மழை வருகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பின்னால் திருத்தி எழுதுகிறேன். மழை ஒன்றும் வரவில்லை. நல்ல வெயில்.

நாப்பத்தேழாம் நம்பர் என் அண்ணன் ராமசுப்பு வீடு. அந்தத் தெருவில் நாயே கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், தங்கச்சி லைன்தானே என்று அண்ணன் எட்டு மாசம் காசு கட்டவில்லை. அப்போது எங்களுக்கு வயர் வாங்கவே வட்டிக்குப் பணம். நான் போய் வெட்டினேன். வெட்டின நாளில் அண்ணனின் சின்னப் பெண்ணுக்குக் காது குத்து, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு ஞாபகமே இல்லை. மத்தியான விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள், நான் மறந்துபோய் லைன் வேலையில் இருந்தேன். எது பெரிய தப்பு என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் இவரிடம் எட்டு மாசக் காசையும் எண்ணிக் கொடுத்து லைன் வாங்கினார். அன்றிலிருந்து ஒண்ணாந்தேதி காலை ஏழு மணிக்குப் பணம் எடுத்து வைத்திருப்பார். எங்கள் லைனிலேயே ஒழுங்கான வாடிக்கையாளர். பொங்கப்படிதான் நின்றுபோனது.

மார்ச் 22

முப்பத்தொண்ணு. சராசரி இருநூத்தி ஒண்ணு. தாண்டியாச்சு! கம்பத்தில் இருந்த இவரைப் பார்த்துக் கீழேயிருந்து கத்தினேன். இவர் மேலேயிருந்தே கை தட்டினார். ரெண்டு கையையும் விட்டுவிட்டு. திட்டினேன்.

மார்ச் 27

காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் நின்றது. குனிந்திருந்ததால் செருப்பைத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் அப்பா மாதிரியே குதிகால் வெளியே தொங்குகிற நடை.

"உள்ள வரலாமா?"

"யார் வேண்டாம்னா?"

அண்ணன் உள்ளே வந்து நின்றார். உட்காரவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது. இவர் சொல்லவே இல்லை.

"ஊர் பூரா எங்கிட்டக் கேக்குறான், நீ தங்கச்சிக்குப் பாக்ஸ் வச்சாச்சான்னு. புரோட்டாக் கடையில உக்கார முடியல. உன் வீட்டுப் பாக்ஸ என் பேர்ல எழுது."

"கேபிள்காரி வீட்டுக்கு எவனாவது கேபிள் காசு கட்டுவானா?"

"நான் கட்டுவேன்."

"எட்டு மாசம் சேத்து வச்சாக் கட்டுவ?"

வாயில் வந்துவிட்டது. என் வாய் எனக்கே சொந்தமில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் மீசை ஆடியது. சிரிப்பை அடக்கினால் அவருக்கு மீசைதான் முதலில் ஆடும்.

"வெட்டிரு. மூணு மாசத்துல வெட்டிரு. அன்னிக்கு எட்டு மாசம் பொறுத்ததுதான் நீ செஞ்ச தப்பு."

"காது குத்துக்கு வராததுதாண்ணே நான் செஞ்ச தப்பு."

"பெரியவளுக்கு வைகாசியில கல்யாணம். அதுக்கு வா. டிவிய நீயே வந்து அணை."

கையெழுத்துப் போட்டார். ஸ்கூட்டர் பையிலிருந்து மஞ்சக்கொத்தும் ரெண்டு கரும்பும் எடுத்து வைத்தார். பங்குனியில் கரும்பு எங்கே பிடித்தார் என்று கேட்டதற்கு, ஜூஸ்காரனிடம் என்றார். இவர் சமையல்கட்டு வாசலில் நின்று இருமிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் சளி பிடித்த மாதிரி மூக்கு ஒழுகியது.

இந்த ஒரு பாக்ஸால் சராசரி முப்பது பைசா ஏறியது. இவ்வளவு பெரிய முப்பது பைசாவை நான் பார்த்ததில்லை.

மார்ச் 31

நாப்பத்து மூணு தாம்பாளம். வாடிக்கையாளர் பேர் முந்நூத்தி முப்பத்தேழு. சராசரி இருநூத்தி எட்டு. அணைந்த டிவி ஒன்றும் இல்லை. பகல் பன்னிரண்டுக்கு நிரஞ்சன் தம்பி போன் போட்டது.

"அக்கா, லைன் உங்களுக்கே. மாவட்டத்துலயே நீங்கதான் முதல். எப்படி ஏத்துனீங்கன்னு மேல கேக்குறாங்க. ரிப்போர்ட்ல என்னன்னு எழுத?"

"மஞ்சள்னு எழுது."

"அக்கா..."

"சீர்னு எழுது தம்பி. அப்படியே உங்க அம்மாவுக்கு அண்ணன் தம்பி யாராவது பாக்ஸ் வச்சிருக்காங்களான்னு கேட்டு வை."

தம்பி சிரித்த சிரிப்பில் அடையாள அட்டை போனில் இடித்துச் சத்தம் கேட்டது. இவர் கம்பத்திலிருந்து இறங்கிவந்து, நாலு பேர் பார்க்க, இன்னொரு தடவை கையைப் பிடித்தார். இந்தத் தடவை காரணம் தெரிந்தே வெட்கப்பட்டேன்.

ஏப்ரல் 6

கம்பெனி சார்பில் சாயங்காலம் தெரு முனையில் பாராட்டு விழா. என் முகம் போட்டுப் பன்னிரண்டடி உயரப் பேனர். அதற்குக் கம்பு நட மதுரையிலிருந்து வந்த ஆட்கள் குழி தோண்டினார்கள். தோண்டின இடத்தில் மண்ணுக்குள் கிடந்த எங்கள் ஃபைபர் வயர் அறுந்துபோனது. அஞ்சு நாப்பதிலிருந்து எட்டு அம்பது வரை எந்த வீட்டிலும் படம் வரவில்லை. அதனால் விழாவுக்கு நல்ல கூட்டம். என் கழுத்தில் மாலை இருந்ததால், கேட்க வந்தவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்கச் சுலபமாக இருந்தது.